தொடாதே என்றால் தொடாதே

எங்கள் வேலையில் பாதி ஐஸ் வாங்குவதுதான், மேடம். மின்சாரக் காரைப் பந்தயத் தடத்தில் விரட்டினால் முதலில் களைத்துப்போவது பேட்டரி. சூடு ஏறிவிட்டால் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புலியாகப் பாய்ந்த வண்டி கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து மாதிரி உருளும். அதனால் சார்ஜ் ஏற்றும்போதெல்லாம் குளிர்நீர்த் தொட்டியில் மூட்டை மூட்டையாக ஐஸ் கொட்டுவோம். மொஹாவி பாலைவனத்தில் ஆகஸ்ட் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று காலை ஐஸ் வாங்கி வந்ததும் நான்தான். அது என் வேலை இல்லை. டுவெய்ன் ஹாலிஸ், மின் பாதுகாப்பு அதிகாரி என்று சட்டையிலேயே தைத்திருக்கிறது, பாருங்கள்.

எங்கள் காரின் கூரையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் யார் வேண்டுமானாலும் காரைத் தொடலாம். சிவப்பு எரிந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். ஓட்டுநர் இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும். கை காரிலும் கால் தரையிலும் இருந்தால் கதை முடிந்தது. மற்றவர்கள் நான் சொல்லும்வரை கிட்டே வரக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் முதலாளியும் எனக்குக் கட்டுப்பட்டவர்.

ஓட்டுநர் ரெனே எஸ்கொபீடோ மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. அவன் மனைவி கட்டிக்கொடுக்கும் தமாலேயை அவனைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டிருப்பேன். அன்று பொழுது சாயும்வரை வேகம் குறையாமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவன் பொறுப்பு. பணம் போட வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் கார் உள்ளே வந்தபோது சிவப்பு எரிந்தது. நான் கையை விரித்து எல்லோரையும் தடுத்தேன். ரெனே குதிக்கவில்லை. நிதானமாக ஒரு காலைத் தரையில் வைத்து, கூரையில் கையை ஊன்றி, சோடா கேட்டான்.

"பாருடா டுவெய்ன், நான் செத்துட்டேன்" என்றான். "இன்னிலேர்ந்து உன் பேரு கிறிஸ்மஸ் மரம். சும்மா சும்மா சிவப்பும் பச்சையுமா எரியுற."

மெக்கானிக் லோரீன் சிரித்த சிரிப்பில் ஐஸ் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நிழலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என் காது சுட்டது. உடனே காரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன்.

"லேசாக் கசியுது. பொழைச்சே, போ" என்றேன்.

சிரிப்பு அடங்கியது. முதலாளி மட்டும், "லேசாத்தானே? ஓடட்டும்" என்றார். ஓடவிட்டேன்.

வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் கார் வெள்ளைப் புகையோடு உள்ளே வந்து நின்றது. அந்தக் காரின் கதவுப் பூட்டும் மின்சாரத்தில்தான் வேலை செய்யும். பேட்டரி தன்னைத் தானே துண்டித்துக்கொண்டதால் பூட்டு திறக்கவில்லை. அவசரத்துக்கு உள்ளே ஒரு கயிறு உண்டு. ரெனே இழுத்த வேகத்தில் அது கையோடு வந்துவிட்டது. கண்ணாடி வழியாக அதை எனக்குத் தூக்கிக் காட்டினான். வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்தால் திறக்கும். தனிச் சின்ன பேட்டரியில் எரியும் கூரை விளக்கு மட்டும் அணையவில்லை, சிவப்பாகத்தான் எரிந்தது.

லோரீன் ஓடி வந்தாள். மின்சாரம் தாக்கியவர்களை இழுப்பதற்கென்று ஒரு கொக்கிக் கழி வைத்திருப்பேன். அதைக் குறுக்கே நீட்டினேன்.

"தொடாதே. சிவப்பு எரியுது."

"அவன் உள்ள இருக்கான்டா!"

"தெரியும். நீயும் சாகணுமா? மதியமே கசிஞ்ச வண்டி."

அவள் நின்றுவிட்டாள். முதலாளியும் நின்றார். அத்தனை பேரும் என் கழிக்குப் பின்னால் நின்றார்கள். அழுதார்கள், என்னைத் திட்டினார்கள், ஆனால் ஒருவரும் தாண்டவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ரப்பர் கையுறை என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் சிவப்பிலும் கதவைத் திறக்கலாம். ஆனால் போடுவதற்கு முன் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே பிடித்தால் சின்னக் கசிவும் தெரிந்துவிடும். வலது கையுறையைப் பார்த்தேன். இடதைப் பார்த்தேன். உள்ளே நிறைந்துவிட்ட புகையில் ரெனே கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு சந்தேகம் வந்தது. வலதை மறுபடியும் பார்த்தேன். பிறகு தட்டும் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்தவன் நான்தான், மேடம். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மதியம் மீட்டர் பூஜ்யம் காட்டியதாக அதன் பதிவில் இருக்கிறது என்கிறீர்கள். ஆமாம், காட்டியது. வெயிலில் விளக்குதான் கெட்டுப்போயிருந்தது. காரில் ஒரு சொட்டு மின்சாரம்கூடக் கசியவில்லை. கழியை நீட்டியபோதும் அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நின்று, மதியம் ரெனே சொன்னதுதான் சரி, விளக்கு சும்மாதான் எரிகிறது என்று நான் எப்படிச் சொல்வது? அதற்கப்புறம் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? நானும் ஒருவகையில் உள்ளே மாட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் யாரும் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிடவில்லை.

இப்போது பச்சை எரிந்தால்கூட, என் முகத்தைப் பார்க்காமல் பையன்கள் எந்தக் காரிலும் கை வைப்பதில்லை. அதை ரெனே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து, அந்தத் தடத்தில் மின்சாரம் தாக்கி ஒருவர்கூடச் சாகவில்லை.