செருப்பில்லாம நின்னு பாருங்க

ஷூவோட நின்னுட்டு எல்லாக் கல்லும் ஒண்ணுதாங்கன்னு சொன்னா எப்படி தம்பி? கழட்டுங்க. சாக்ஸையும்தான். வெக்கப்படாதீங்க, இங்க நம்ம ரெண்டு பேரத் தவிர யாரும் இல்ல. காலைல உங்க கடை ஆளுங்க எறக்கிட்டுப் போன சாம்பிள் எல்லாத்தையும் முற்றத்துல வரிசையா பரப்பி வச்சுட்டேன். நல்லா வெயில் குடிச்சிருக்கு. தரை விக்கிறவரு தரையில நிக்க மாட்டேன்னா, சமைச்சவனே சாப்பிட மாட்டேங்கற கதையால்ல இருக்கு.

முதல்ல இந்தச் செங்கல்லுல நில்லுங்க. ம். சுடுது, ஆனா பொறுத்துக்கலாம், இல்ல? இப்ப அந்தக் கறுப்புக் கல்லு. பாத்தீங்களா, குதிச்சுட்டீங்க. உங்க ஷோரூம்ல ஏசியப் போட்டு, தொடச்சுத் தொடச்சு வச்சிருந்தா அழகாத்தான் இருக்கும். வெயில்ல கொண்டாந்து வச்சாத்தான் அதோட குணம் தெரியும். மனுஷங்களும் அப்படித்தான்.

இருங்க, தண்ணி ஊத்திப் பாக்கணும். நான் லாண்டரி நடத்தினவ. ஊத்தின தண்ணி எங்க போகுதுன்னு பாக்காம என்னால இருக்க முடியாது. இந்தச் சிமெண்ட் டைல்ல ஊத்தறேன், பாருங்க. வழுக்கிட்டு நேரா தெருவுக்கு ஓடுது. பக்கத்து வீட்டுக்காரரு இதத்தான் போட்டிருக்காரு. மழை பெஞ்சா அவரு வாசல் பளபளன்னு இருக்கும், தெரு முழங்கால் தண்ணில நிக்கும். கேட்டா, என் வீட்ல நிக்கலியேம்பாரு. இப்ப இந்த ஓட்டக் கல்லு, நடுவுல புல்லு வளக்கறது. ஊத்தறேன். எங்க தண்ணி? காணோம். அப்படியே எறங்கிடுச்சு.

இதுதான் எனக்கு வேணும். கேட்லேருந்து வாசக் கதவு வரைக்கும், சுத்தி நடக்கற எடம் பூரா, இதையே போடுங்க. காலுக்கும் சுடல, தண்ணியும் கீழ போகுது. அடியில என்ன போடுவீங்க? ஜல்லி, மேல மணல், சரி. ஆனா கலவை ஒரு கரண்டி கூடக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். உங்க மேஸ்திரி பழக்கதோஷத்துல அடியில சிமெண்ட் பூசி வச்சுடுவாரு. அப்பறம் ஓட்டக் கல்லு போட்டு என்ன பிரயோஜனம், சல்லடைக்கு அடியில தட்ட ஒட்டின மாதிரி. துணி காயப் போடற பக்கம் கூழாங்கல்லு கொட்டிடுங்க. மரத்தச் சுத்தி ஒண்ணும் வேணாம், மண்ணாவே கெடக்கட்டும்.

என்ன, அங்கியே பாக்கறீங்க? அந்தத் தார்ப்பாய்க்கு அடியிலயா? ஒடச்ச சிமெண்ட் தரை. ஒரு வண்டி வாங்கிப் போட்டிருக்கேன். சிரிக்காதீங்க, குப்பை இல்ல அது. உங்க கடை புஸ்தகத்துலயே போட்டிருக்கே, புதுசா செய்யற கல்ல விட, ஏற்கனவே இருக்கறதத் திரும்பப் பதிக்கறதுதான் பூமிக்கு நல்லதுன்னு. நீங்களே படிக்கல போல. துண்டுகள எடவெளி விட்டுப் பதிச்சா நடுவுல தண்ணி எறங்கும், புல்லும் வரும். அதோ, அந்த ரூம் ஜன்னலுக்கு நேரா, ஒரு ஆள் நிக்கற அளவுக்கு இதப் போடணும். மிச்சத்த செவுத்தோரம் வரப்பு மாதிரி அடுக்கிடுங்க.

நிழல் இல்லதான். நாள் பூரா வெயில் விழற எடம் அது ஒண்ணுதான். தெரிஞ்சுதான் சொல்றேன்.

சரி, நீங்க கேக்கறதும் நியாயம். எல்லா எடத்துலயும் சுடாத கல்லு கேக்கறவ, அங்க மட்டும் ஏன் சிமெண்ட் கேக்கறா? இந்தாங்க, தண்ணி குடிங்க. அந்தச் சேர இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க. சொல்றேன்.

எனக்கு ஒரு அண்ணன். எங்க அம்மா இருந்த வீடு அவன் கைக்குப் போச்சு. முன்னாடி பெரிய மண் முற்றம், நடுவுல ஒரு மரம். எல கொட்டுதுன்னு மரத்த வெட்டினான். கார் டயர்ல சேறு ஒட்டுதுன்னு மண்ண மூடினான். இந்தச் செவுத்துலேருந்து அந்தச் செவுரு வரைக்கும் ஒரே சிமெண்ட். ஈரம் காயறதுக்குள்ள, வாசக் கதவுக்கு முன்னாடி குந்திட்டு, சின்னப் புள்ள மாதிரி வலது கையப் பதிச்சான். மோதிர வெரல் கொஞ்சம் கோணல் அவனுக்கு. அந்தக் கோணல் கூட அப்படியே விழுந்துச்சு. எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினான். நான்கூடக் கைதட்டினேன். அந்தத் தரைக்கு ஒரு சட்டம் வேற போட்டான். யாரா இருந்தாலும் கேட்டுலயே செருப்பக் கழட்டிடணும், சிமெண்ட்ல கறை படக்கூடாது.

அப்பறம் நான் புருஷன விட்டுட்டு வந்தேன். வாங்கின அடி போதும்னு வந்தேன், வேற கதை ஒண்ணும் இல்ல. புருஷன விட்டவளுக்கு இந்த வீட்ல எடம் கெடையாதுன்னான் அண்ணன். அண்ணி பக்கத்துல நின்னு தலைய ஆட்டினாங்க. சரின்னு போயிட்டேன். லாண்டரில கூலிக்குத் தேய்ச்சேன், பின்னால அதையே எடுத்து நடத்தினேன், இந்த வீட்டையும் கட்டினேன். அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல தம்பி. ஒரு வகையில அவன் தொரத்தினதுதான் என்ன ஆளாக்குச்சு.

ஆனா அம்மா படுத்துட்டாங்க. இதான் கடைசின்னு சேதி வந்துச்சு. விழுந்தடிச்சு ஓடினேன். அந்த அவசரத்துலயும் கேட்டுல செருப்பக் கழட்டினேன் பாருங்க, அவன் சட்டத்த மதிச்சு. கதவத் தட்டினேன். தெறந்தான். என்னப் பாத்தான். சாத்திட்டான், அதே கையால. அம்மா முன் ரூம்லதான் இருந்தாங்க. என்னப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, நல்லாக் கேக்குது. நடு மத்தியானம். காலுக்குக் கீழ நெருப்பு. செருப்பு கேட் பக்கத்துலதான் கெடக்கு, போய் மாட்டிட்டு வந்திருக்கலாம். போகல. நான் அந்தப் பக்கம் போற நேரம் பாத்து அவன் மனசு மாறிக் கதவத் தெறந்து, ஆளக் காணோமே, போயிட்டாளான்னு திரும்பச் சாத்திட்டா? அந்தப் பயத்துல நகரவே இல்ல. அவன் ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தான். நானும் பாத்தேன். கொஞ்ச நேரத்துல அம்மா சத்தம் நின்னு போச்சு. அவங்கள வெளிய தூக்கிட்டு வந்தப்பதான் மொகத்தப் பாத்தேன். அப்பதான் குனிஞ்சும் பாத்தேன், என் உள்ளங்கால்ல தோலே இல்ல.

நீங்க ஏன் கண்ணத் தொடைக்கறீங்க? நான் அழலையே. எனக்கு எரியுது, அன்னிலேருந்து இன்னி வரைக்கும், அவ்வளவுதான். ரத்த சொந்தம், மன்னிச்சுடு, மறந்துடுன்னு எல்லாரும் புத்தி சொன்னாங்க. சொன்னவங்க யாரும் அந்தத் தரையில செருப்பில்லாம நின்னவங்க இல்ல.

யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வரும்ல. அண்ணி போய்ச் சேந்துட்டாங்க. அவனால தனியா சமாளிக்க முடியல, வீட்ட வித்துட்டான். வாங்கினவங்க இடிச்சாங்க. இடிக்கற எடத்துக்கு நானே போய் நின்னேன். ஐயா, மத்தத எப்படி வேணா ஒடைங்க, வாசலுக்கு முன்னாடி இருக்கற அந்த ஒரு துண்ட மட்டும் மிஷின் வச்சு அறுத்து முழுசாக் குடுங்கன்னேன். போய்த் தார்ப்பாயத் தூக்கிப் பாருங்க. மேலயே இருக்கும். தெரியுதா கை? வெரல் கோணலா இருக்கா? அதான்.

ஞாயித்துக்கிழமை அண்ணன் இங்க குடி வர்றான். ஆமா, இந்த வீட்டுக்குத்தான். அவன் பொண்ணுக்கு வெளியூர்ல வேலை. அத்த, அப்பாவ நீங்க வச்சுப் பாத்துக்க முடியுமான்னு மென்னு முழுங்கிக் கேட்டா. அவ வாய மூடறதுக்குள்ள சரின்னுட்டேன். சொந்தக்காரங்க பூரா எனக்கு என்ன பெரிய மனசுன்னு பேசிக்கறாங்களாம்.

முதல்ல நான் போட்ட கணக்கே வேற. கேட்லேருந்து கதவு வரைக்கும் அவனோட சிமெண்ட்டையே போட்டு வைக்கணும். மத்தியானமா வரச் சொல்லணும். அண்ணா, இங்கயும் கேட்டுலயே செருப்பக் கழட்டணும்னு சொல்லி நடக்க வைக்கணும். கதவு தெறக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், சாவி எங்க வச்சேன்னு தேடணும்ல. அத நெனச்சாலே எனக்கு நல்லாத் தூக்கம் வரும். போன வாரம் அவன் பொண்ணு போன் பண்ணினா. அத்த, அப்பாவுக்குச் சக்கரை முத்திப் போச்சு, காலுல உணர்ச்சியே இல்ல, நெருப்ப மிதிச்சாக்கூடத் தெரியாது, வெறுங்காலோட மட்டும் விட்டுடாதீங்க, புண்ணு வந்தா காலயே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்றாருன்னா.

போன வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். பாருங்க, அதையும் எங்கிட்டேருந்து பறிச்சுட்டான். எல்லாம் சிமெண்ட்டாவே இருக்கட்டும், கால் போனா போகட்டும்னு ஒரு நிமிஷம் நெனச்சேன், பொய் சொல்லல. அப்பறம் வேணாம்னுட்டேன். எரக்கப்பட்டு இல்ல தம்பி. வலிக்காமப் போற கால் எனக்கு எதுக்கு?

அதுக்கப்பறந்தான் உங்க கடையத் தேடி வந்தேன். அவன் நடக்கற எடம் பூரா பூ மாதிரி இருக்கணும். ஒரு கொப்புளம் வரக்கூடாது. வேளாவேளைக்குச் சோறு, மருந்து, எல்லாம் நானே பாத்துப்பேன். ரொம்ப நாள் இருக்கணும் அவன்.

கால்தான் போச்சு. கண்ணு நல்லாத் தெரியுதாம், கண்ணாடி இல்லாமப் பேப்பர் படிக்கறானாம். அந்த ஜன்னல் ரூம்தான் அவனுக்கு, கட்டிலக்கூட ஜன்னலோரமா திருப்பிப் போட்டாச்சு. அந்தத் துண்டப் பதிக்கறப்ப கை மேல்பக்கமாத் தெரியணும், மறந்துடாதீங்க. சேச்சே, அவன் மிதிக்கறதுக்கு இல்ல. தெனம் மத்தியானம் நான்தான் அதுமேல நிக்கப் போறேன், செருப்பில்லாம. அவன் உள்ளேருந்து பாக்கட்டும். அன்னிக்கும் பாத்தவன்தான?

சரி, ஷூவ மாட்டிக்கங்க, கால் செவந்து போச்சு. சனிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவீங்கல்ல?