தொப்பி இறகு கட்டிய கோழி

என் கோட்டானே! காதைத் தீட்டிக்கொள். உன் பெண்டாட்டி ஓர்சோலா மேடை ஏறிவிட்டாள்.

நாற்பத்தாறு வருடம் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஜன்னலோரம் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தாய். அதனால் வந்த பெயர் இது. கல்லறையில் ஃபவுஸ்தீனோ மார்கெசீனி என்று வெட்டியிருக்கிறார்கள். அது ஊருக்கு. எனக்கு நீ கோட்டான்தான்.

மன்னிக்க வேண்டும், சபையோரே. முதல் வணக்கம் செத்தவனுக்குப் போய்விட்டது. இனி உயிரோடு இருப்பவர்களுக்கு.

மூவர்ணப் பட்டையைக் குறுக்கே கட்டிக்கொண்டு வியர்வையில் நனைந்தபடி இந்தப் பொறிப்புக் கலைஞர் பெருவிழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேயர் அவர்களே! ஆசீர்வாதம் முடித்த அலுப்பில் முன்வரிசையில் கண்மூடித் தியானிக்கும் பங்குத்தந்தை தோன் செலெஸ்தீனோ அவர்களே! மிலானிலிருந்து தான் எழுதிய மூன்று தடித்த புத்தகங்களோடு வந்திருக்கும் பேராசிரியர் லுதோவீக்கோ அவர்களே! எண்பத்தெட்டு வயதிலும் மீசைக்கு மை பூச மறக்காத பட்டறைத் தலைவர் மாஸ்டர் எர்மேத்தே அவர்களே! விடிந்தது முதல் கம்பியில் இறைச்சி கோத்து நெருப்பு முன்னால் நின்று கண் சிவந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் ஒயின் பீப்பாய்க்குக் காவல் நிற்கும் பெரியவர்களே! மேல்லா ஆறு ஓடும் இந்தப் பள்ளத்தாக்கில் இரும்பைத் தின்று இரும்பை மூச்சுவிடும் என் சனங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஐந்தாம் வகுப்புக்காரியின் வணக்கம்.

எனக்கு ஒதுக்கிய நேரம் மூன்று நிமிடம். படியேறும்போது மேயர் காதில் சொன்னார்: "நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கிடும்மா, இறைச்சி ஆறுது." நான் சொன்னேன்: "சொல்றேன் ஐயா. எதுக்கு நன்றின்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்."

அதோ, அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். உள்ளே ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் பியெமோந்தே கோமான் ஒருவருக்காக நம் ஊரில் செய்தது. அவருடைய பேரன் விழாவுக்காக இரவல் தந்திருக்கிறார். அதன் பக்கத் தகட்டில், என் உள்ளங்கையில் பாதிகூட வராத இடத்தில், உளியால் வெட்டிய ஒரு காடு. காட்டுக்குள் ஒரு நாய். நாய்க்கு முன்னால் புல்லில் பதுங்கிய ஒரு பேடு, ஃபெசன்ட் என்கிற நீள்வால் வேட்டைப் பறவை. கீழே ஓர் அட்டை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? கைவண்ணம், மாஸ்டர் எர்மேத்தே!

அந்த அட்டையை மாற்ற வேண்டும். நான் மேடை ஏறியது அதற்காகத்தான்.

உட்காருங்கள், உட்காருங்கள். தோன் செலெஸ்தீனோ கூட விழித்துவிட்டார்.

மாஸ்டர் எர்மேத்தே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பட்டறைக்கு ஒரே கையெழுத்து, அது தலைவருடைய கையெழுத்து. அந்த நாளில் அதுதான் வழக்கம். பன்னிரண்டு பேர் முதுகு வளைய வெட்டுவார்கள், மாஸ்டர் கடைசியில் வந்து பெயர் வெட்டுவார். பேக்கரியில் ரொட்டி சுடுபவன் ஒருவன், பலகையில் பெயர் இன்னொருவனுடையது என்ற மாதிரிதான். ஆனால் இன்றைக்கு விழா யாருக்கு? வாசலில் கட்டிய துணியில் என்ன போட்டிருக்கிறது? 'உளி பிடித்த கைகளுக்கு ஊரின் வணக்கம்'! சரி, உளி பிடித்த கை எது?

என் கோட்டானிடம் ஒரு குறை உண்டு. கற்பனை என்பது கடுகளவும் கிடையாது. கண்ணால் கண்டதை வெட்டுவான், காணாததை வெட்டமாட்டான். ஒருமுறை டிராகன் கேட்டார்கள். "பாத்ததில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டான். உடுப்பில்லாத வேட்டைத் தேவதையைக் கேட்டார்கள். "பாத்ததில்லையே" என்றான். "பாக்கப் போகவும் வேணாம்" என்றேன் நான். ஆனால் பார்த்துவிட்டானோ, பார்த்தது பார்த்தபடி வரும். முயலுக்குக் காதில் காயம் இருந்தால் தகட்டிலும் காயம் இருக்கும். நாய்க்குச் சொறி இருந்தால் தகட்டிலும் சொறி!

அந்த வருடம் பிப்ரவரி. கோமான் பேடு கேட்டார். வேட்டைக்காலம் முடிந்துவிட்டது, காட்டில் சுட முடியாது. பட்டறையில் பஞ்சடைத்து வைத்திருந்த பேட்டைப் பூச்சி அரித்து, தலை தனியாகக் கழன்று விழுந்துவிட்டது. மாதக் கடைசியில் துப்பாக்கி போயாக வேண்டும். என்ன செய்தான் என் கோட்டான்? தகட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நான் சந்தையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன். சமையலறை மேஜைமேல் என் கோழி நிற்கிறது! காலில் நூல் கட்டி மேஜைக்காலோடு முடிச்சு. சீமாட்டி என்று பெயர் வைத்து நான் வளர்த்த கோழி. இடது காலில் நடுவிரல் கிடையாது, கதவிடுக்கில் சிக்கிப் போனது.

"என்னய்யா இது?"

"பேடு."

"இது நம்ம சீமாட்டி!"

"உனக்குச் சீமாட்டி. கோமானுக்குப் பேடு."

"பேட்டுக்கு வால் நீளமா இருக்கும்யா. இதுக்கு ஏது?"

"அதுக்கும் வழி பண்ணிட்டேன், பின்னால பாரு."

பின்னால் பார்த்தேன். கோழியின் பின்பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கறுப்பு இறகு. அடியில் ஒரு கம்பளி உருண்டை. இந்த ஊரில் அது என்ன என்று கேட்க ஆள் உண்டா? மலைப்படைத் தொப்பியின் இறகு! என் தம்பி பியெரோ படையிலிருந்து திரும்பி, எங்கள் வீட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்த தொப்பி!

பியெரோ, குனியாதே! எல்லோரும் பார்க்கட்டும், தொப்பியோடு எழுந்து நில். இதோ, இவன்தான்.

அன்று சாயங்காலம் இவன் வந்தான். தொப்பியைப் பார்த்தான், கோழியைப் பார்த்தான்.

"அக்கா! எட்டு மாசம் இடுப்பளவு பனியில நின்னு வாங்குன இறகு! கோழியோட பின்னாலயா?"

"மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற" என்றான் என் கோட்டான். "உன் தலையில இருந்தத விட இதுக்கு எடுப்பா இருக்கு, பாரு."

இரண்டு வருடம் பியெரோ எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

பன்னிரண்டு நாள், சபையோரே! பன்னிரண்டு நாள் அந்த மேஜை எனக்கில்லை. போலெந்தாக் களி கிண்டிய துடுப்போடு நான் அடுப்படியில் நின்றபடியே இருப்பேன், களியைக் கொட்ட மேஜையில் இடமிருக்காது.

"ஞாயித்துக்கிழமை சூப்பு வைக்கணும், கோழிய விடு."

"வால் இன்னும் முடியல."

"அப்ப வால மட்டும் வச்சுக்க. மிச்சத்தச் சமைக்கிறேன்."

கேட்பானா? சீமாட்டி மேஜையில் நின்றே களி தின்றாள். தின்று தின்று கொழுத்தாள். எட்டாம் நாள் கோட்டான் தலையில் கை வைத்துக்கொண்டான். "வயிறு மாறிப்போச்சு! ஓர்சோலா, இவளப் பட்டினி போடு!" கோழிக்குப் பத்தியம், எனக்கு ஒற்றைக்காலில் நிற்கும் தவம். தகட்டை எட்டிப் பார்க்கலாம் என்றால் விடமாட்டான். "மூச்சு படும், துரு ஏறும், தள்ளிப் போ." பதின்மூன்றாம் நாள் துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டான். நான் பார்க்கவே இல்லை. இன்று காலையில்தான் பார்த்தேன், கண்ணாடிக்கு வெளியே நின்று.

சிரிக்காதீர்கள், இனிமேல்தான் சிரிக்க வேண்டியது. சற்று முன் பேராசிரியர் என்ன வாசித்தார்? "பேட்டின் தலையிலே காணும் சிறு கொண்டை, மாஸ்டரின் துணிச்சலான கற்பனை." பேராசிரியரே, அது கோழிக்கொண்டை! "வாலடியிலே காணும் வட்டம், பண்டைக்காலச் சூரியச் சின்னம்." பேராசிரியரே, அது என் தம்பியின் தொப்பி உருண்டை! மூன்று புத்தகம் எழுதியவருக்குச் சூரியன் தெரிந்தது, முட்டை பொறுக்கிய எனக்குக் கோழி தெரிந்தது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். இடது காலைப் பாருங்கள். நடுவிரல் இருந்தால் நான் இறங்கிப் போய் இறைச்சி பரிமாறுகிறேன்.

ஆமாம் பேராசிரியரே, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். இங்கேயே, விளக்குக்குக் கீழே கொண்டு வாருங்கள்.

அவர் பார்ப்பதற்குள் மாஸ்டர் அவர்களிடம் ஒரு வார்த்தை. ஐயா, இது உங்கள் கை என்றால் மறுக்க நான் யார்? ஆனால் கை உங்களுடையது என்றால் கோழியும் உங்களுடையது. பேராசிரியர் தன் நான்காம் புத்தகத்தில் எழுதிவிடுவார், கோமானுக்குக் கோழி வெட்டிக் கொடுத்த மாஸ்டர் எர்மேத்தே என்று. சம்மதமா?

என்ன? உரக்கச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். மைக்கை அவர் மீசைக்குப் பக்கத்தில் பிடியுங்கள்.

கேட்டீர்களா, சபையோரே? "நானா? கோழியா? என் ஆயுசுல ஒரு கோழி வெட்டுனதில்ல! அது அந்தக் கோட்டான் பய வேலை!" என்கிறார்! மாஸ்டர் அவர்களே, நீங்கள் நூறு வருடம் மீசையோடு வாழ வேண்டும். பேராசிரியரே, விரல்? இல்லையா? இல்லை! நடுவிரல் இல்லை!

கை தட்டுங்கள். எனக்குத் தட்ட வேண்டாம். சீமாட்டிக்கும் வேண்டாம், அவளை மார்ச் மாதம் சூப்பு வைத்துவிட்டேன். யாருக்குத் தட்ட வேண்டும் தெரியுமா? துப்பாக்கியில் தொழிற்சாலையின் பெயர் இருக்கிறது. வாங்கியவரின் பெயர் தங்கத்தில் இருக்கிறது. வேட்டையில் ஓடிய நாய்க்குக்கூடக் கழுத்துப்பட்டையில் பெயர் இருக்கிறது! இரும்பிலே இலை விரித்தவன் பெயர் எங்கே? எஃகிலே இறகு முளைக்க வைத்தவன் பெயர் எங்கே? ஒரு இறகுக்கு நூறு கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு மூச்சு என்று கண்ணைக் கரைத்துக் கொடுத்தவன் பெயர் எங்கே? கடைசி மூன்று வருடம் என் வீட்டுக்காரனுக்கு வலது கண் தெரியாது. களித்தட்டைத் தடவித்தான் கண்டுபிடிப்பான். அந்தப் பார்வை எங்கே போனது? தொலையவில்லை, சனங்களே. இதோ, இந்தத் தகட்டில் இருக்கிறது. இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற விதவைகளைக் கேளுங்கள், ஒவ்வொருத்தி வீட்டுப் பார்வையும் எந்தச் சீமையிலோ எவன் அலமாரியிலோ பெயரில்லாமல் கிடக்கிறது. எங்களுக்குச் சிலை வேண்டாம், மாலை வேண்டாம். ஓர் அட்டை வேண்டும். அட்டையில் ஒரு பெயர் வேண்டும். வெட்டியவன் பெயர் வேண்டும்!

மேயர் அவர்களே, பேனாவை எடுத்துவிட்டீர்களே, நல்லது. ஃபவுஸ்தீனோ. ஆமாம். மார்கெசீனி. கோட்டான் என்று எழுத வேண்டாம், அது எனக்கு மட்டும்.

நன்றி சொல்லி இறங்கிவிடுகிறேன்... என்ன பேராசிரியரே, இன்னும் என்ன பார்க்கிறீர்கள்? கோழிக்குப் பின்னால் புதரா? இருக்கட்டும். புதருக்குள் பொம்பளையா? யார், அந்த உடுப்பில்லாத தேவதையா? உடுப்பு இருக்கிறதா, பிழைத்தான்! கையில் என்ன? அம்பா? ஈட்டியா? கொடுங்கள் அந்தப் பூதக்கண்ணாடியை. மூச்சு படாமல் பார்க்கிறேன்.

...

ஈட்டி இல்லை, சபையோரே. துடுப்பு. களி கிண்டுகிற துடுப்பு.

நகம் அளவுகூட இல்லை. மேலங்கியில் நான் ஒட்டுப்போட்ட இடம்கூட இருக்கிறது. என்னைத் தள்ளிப் போ, தள்ளிப் போ என்று விரட்டியது இதற்குத்தானா?

கொஞ்சம் இருங்கள். தண்ணீர் வேண்டாம், தந்தையே. அந்தப் பெரியவர்களிடம் இருப்பதில் ஒரு வாய் கொடுங்கள்.

நன்றி. அட்டையில் பெயர் எழுதிய மேயருக்கு நன்றி. கோழியை வேண்டாம் என்ற மாஸ்டருக்கு நன்றி. என் வாயை நம்பாமல் தன் கண்ணை நம்பிய பேராசிரியருக்கு நன்றி. இறகு தந்த என் தம்பிக்கு, முப்பத்தொரு வருடம் தாமதமாக, நன்றி. இறைச்சி ஆறிவிட்டது, என் கணக்கில் எழுதிக்கொண்டு மன்னியுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் உளி பிடித்த ஒவ்வொரு கைக்கும், அந்தக் கைக்குச் சோறு போட்ட ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்.

கோட்டானே, உன்னிடம் ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் உன்னைத் திட்டியபடியேதான் நின்றேன், சீமாட்டி சாட்சி. நீயோ காணாததை வெட்டமாட்டாய். இந்தத் தகட்டில் நான் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேனே, எப்போதய்யா சிரித்தேன்?