பாய் ஹெலிகாப்டர்

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா பழனிச்சாமி அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் அறக்கட்டளைப் பெரியவர்களே! எங்கள் ஹெலிகாப்டரை ஓட்டும் கேப்டன் மஹ்மூது அவர்களே! டியூட்டி முடிந்து, போட்டிருக்கும் கவரால் உடுப்பைக்கூட மாற்றாமல் முசஃபா தொழிற்பேட்டையிலிருந்து நேராக வந்து நிற்கும் சகோதரர்களே! கணவரை இழந்து இத்தா இருப்பதால் இங்கே வர முடியாமல், வீட்டில் தொலைபேசி வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் அன்புச் சகோதரி ஷஹீரா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் நர்ஸ் உமாராணியின் வணக்கம்.

நாற்காலி போதவில்லை. சுவர் ஓரமெல்லாம் ஆட்கள். வெளியே செருப்பைக் கழற்றிப் போடவும் இடமில்லை. உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பொறாமை! நான் செத்தால் இந்த மண்டபம் இப்படி நிறையுமா? சத்தியமாக நிறையாது.

இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. வள்ளல், சேவைச் செம்மல், சமுதாயத் தூண் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாப் பட்டங்களையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். என்னிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். ஹாஜி கௌஸ் முகைதீன் அவர்கள் மீது நான் பொறாமைப்பட்டேன். அவர் மண்ணுக்குள் போன பிறகும் படுகிறேன்.

வளைகுடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாலைவனத்துக்குள் குழாய் பதிக்கும் சைட்டில் ஒருவர் விழுந்து அடிபட்டால், ஆம்புலன்ஸ் மணலைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். அதற்காகத்தான் ஊரார் கொடுக்கும் நன்கொடையில் எங்கள் ஒற்றை ஹெலிகாப்டர் பறக்கிறது. அதில் ஏற்றிவரும் எவரிடமும் காசு வாங்குவதில்லை. நான் அதில் நர்ஸ். கௌஸ் பாய் கீழக்கரைக்காரர். முசஃபாவில் சின்னதாக ஒரு குரோசரிக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அறக்கட்டளையின் ரசீதுப் புத்தகத்தோடு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் கேம்பாகப் போய் நன்கொடை திரட்டி வருவார். பறப்பது நாங்கள். ஆனால் கேம்பில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? பாய் ஹெலிகாப்டர்!

எரியாதா எனக்கு?

இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கும் சோலைமுத்துவைக் கேளுங்கள். சாரத்திலிருந்து விழுந்தவர். மூச்சு அடைத்துவிடாதபடி வழியெல்லாம் அவர் தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். இறங்கும்போது என் விரல்களை என்னால் மடக்க முடியவில்லை. அவர் கண் விழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வார்டுக்கு ஓடினேன். கட்டில் பக்கத்தில் டப்பாவில் இடியாப்பம், ஃபிளாஸ்கில் டீ, ஊருக்குப் பேச ஒரு போன் கார்டு. என்னைப் பார்த்து அவர் என்ன சொன்னார்?

"சிஸ்டர், நான் பொழச்சுக்கிட்டேன்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னதே பாய்தான். அவரு இல்லேன்னா இன்னைக்கு நான் இல்ல சிஸ்டர்!"

நான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தை அவர் எங்கே பார்த்தார்? விசிறிச் சத்தத்தில் என் குரலை எங்கே கேட்டார்? சிரிக்காதீர்கள் சோலைமுத்து. உங்களிடம் இதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அன்று மாலையே நான் கடைக்குப் போனேன். "பாய், கீழ நின்னு ரசீது கிழிக்கிறது லேசு. ஒரு நாள் மேல ஏறி வந்து பாருங்க, அப்பத் தெரியும்" என்றேன்.

உயரம் என்றால் அவருக்கு நடுக்கம். மாடி பால்கனியில்கூட நிற்க மாட்டார். ஆனாலும், "வர்றேன் சிஸ்டர். நான் வாங்குற காசு எங்க பறக்குதுன்னு நானும் பாக்கணும்ல" என்றார்.

நன்கொடையாளர்களுக்கு ஹெலிகாப்டரைக் காட்டும் ஒரு காலை நேரத்தில் அவரை மட்டும் ஏற்றினோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்! அப்போதுதான் அழைப்பு வந்தது. லிவா பக்கம் தொழிலாளர் பஸ் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. மிக அருகில் இருந்தது நாங்கள். கேப்டன் அப்படியே திருப்பினார்.

இறங்கினால் மணல் முழுக்க ஆட்கள். பிழைக்க வைக்க வேண்டுமானால் உடனே ஏற்ற வேண்டியவர்கள் இரண்டு பேர். எங்களிடம் ஒரு ஸ்ட்ரெச்சர். அதை விட்டால் பாய் உட்கார்ந்திருந்த சீட். கேப்டன் மஹ்மூது திரும்பி, "சிஸ்டர், ஏக் ஹி சீட் ஹை!" என்று கத்தினார். ஒரு சீட்தான் என்பது பாய்க்கும் புரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மணலில் குதித்துவிட்டார்.

"யல்லா, தூக்குங்க! ரெண்டு பேரையும் ஏத்துங்க! நான் இங்கன இருக்கேன்!"

நாங்கள் மேலே எழும்பும்போது பார்த்தேன். அந்த வெயிலில் தன் சட்டையைக் கழற்றி, கீழே கிடந்த ஒருவர் முகத்துக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஏற்றிச் சென்ற இருவரும் பிழைத்தார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. மணலில் கிடந்தவர்களோ, பிறகு ஆம்புலன்ஸ்களில் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியிலெல்லாம் சொன்னது ஒரே பேச்சு: "பாய் கூடவே இருந்தாரு." பார்த்தீர்களா! என் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய பிறகும் அவர்தான் ஜெயித்தார்!

நாங்கள் திரும்பிப் போனபோது அவர் மணலில் உட்கார்ந்திருந்தார். மடியில் நேபாளத்துக்காரர் ஒருவரின் தலை. உயிர் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சிஸ்டர், உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார்.

"எம் மேலயா? எதுக்கு பாய்?"

"நீங்க இருந்திருந்தா எங்க கை வைக்கணும்னு தெரிஞ்சு வச்சிருப்பீங்க. எனக்குத் தண்ணி கொடுக்கலாமா கூடாதான்னுகூடத் தெரியல. அவனுக்கு என்ன ஓதணும்னும் தெரியல. பேரக் கேட்டேன், கிரண்னு சொன்னான். அந்தப் பேரையே கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அது ஒரு வைத்தியமா, சொல்லுங்க?"

  நான் ஏற்றிவந்த எத்தனையோ பேரில் ஒருவரையாவது நான் பெயர் கேட்டதுண்டா? கேட்க நேரமில்லை, கேட்டாலும் காதில் விழாது. அது என் குற்றமில்லை. ஆனால் அந்தக் கிரணுக்குக் கடைசியாகக் கேட்டது தன் பெயர். அதைக் கொடுத்தது கௌஸ் பாய். அன்றைக்குப் பட்ட பொறாமை மாதிரி அதற்கு முன்பும் நான் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். நகரத்து ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்திருக்கிறது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறார்கள். நான் அப்போது வேறொருவரை ஏற்றிக்கொண்டு கடலோரமாகப் பறந்துகொண்டிருந்தேன். இறங்கியதும் சொன்னார்கள். அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தியது யாரோ! அந்தக் கைகள் மேல் எனக்குப் பொறாமை. அடக்கத்துக்குப் பனியாஸ் மையவாடிக்கு நானும் போனேன். பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் உடல் இருந்த சந்தூக்கை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றி மாற்றித் தூக்கிப் போனீர்களே, சகோதரர்களே! உங்கள் ஒவ்வொரு தோளின் மேலும் எனக்குப் பொறாமை. எத்தனை பேரைச் சுமந்தேன்! அவரைச் சுமக்க எனக்குக் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. அதனால் கிடைத்ததைச் செய்தேன். போன வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப். ரசீதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ருவைஸ் பக்கம் ஒரு கேம்புக்குத் தனியாகப் போனேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "யாரு வேணும்? நீங்க யாரு?" என்று கேட்டார்.

நர்ஸ் என்று சொல்லியிருக்கலாம். பறக்கிறவள் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "பாயோட ஆளு."

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், பாய் ஆளு வந்திருக்காங்க, எல்லாரும் வாங்கடா!" ரூம் ரூமாகக் கதவு திறந்தது.

பெரியோர்களே, சகோதரர்களே! இந்த மேடையில் நின்று உறுதி சொல்கிறேன். இனி எனக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ஆஃப் நாளும் கேம்புக்குத்தான். அந்த ஹெலிகாப்டர் ஒரு நாள்கூடத் தரையில் நிற்காது. என்னோடு வருகிறவர்கள் இப்போதே கை தூக்குங்கள்! இன்னும்... இன்னும்... நன்றி.

ஹாஜி கௌஸ் முகைதீன் அவர்களே, உங்களை முந்த என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முந்தத்தான் பார்ப்பேன்.