மணவூரில் இரண்டு நிமிஷம்

சூடு தாங்கும் கல்நார் நாடாவை மோட்டாரின் புகைக் குழாயில் சுற்றுவதற்கு முன்னால் அதைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. காய்ந்ததை அப்படியே சுற்றினால் பிய்ந்துவரும், கையில் குத்தும், குழாயோடு ஒட்டாது. ஈரமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் பாதியை மூடும்படி இழுத்து, முனையைக் கம்பியால் கட்டி, பிறகு எஞ்சினை ஓடவிட வேண்டும். சூட்டில் ஈரம் ஆவியாகப் போய்விடும். நாடா இறுகிக் குழாயின் தோல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் ஐயா நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம். ஸ்டேஷன் வழக்கப்படி தெலுங்கில் எழுதினாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். பெயர் தங்கவேல். வயது இருபத்தெட்டு. திருத்தணி ரயிலடிக்குப் பக்கத்தில் மோட்டார் ரிப்பேர் கொட்டகை வைத்திருக்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் கோதண்டபாணி காரில் வரும்போது இறந்தது மாரடைப்பு என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஊர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. இரண்டும் தப்பு.

கோதண்டம் எனக்கு உறவு இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து நான் அவனுக்குப் பாவா, அதாவது மச்சான்; அவன் எனக்குப் பாவா. அவன் ஊர் மணவூர். இரண்டு பேரும் அரக்கோணத்தில் ஒரே பட்டறையில்தான் மோட்டார் வேலை கற்றுக்கொண்டோம். நாற்பத்தொன்றில் பட்டாளத்து மோட்டார் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். போகலாம் என்ற யோசனை அவனுடையது.

“ஒண்டியா போனாத்தான் பாவா அது சண்டை. ரெண்டு பேரா போனா திருவிழா,” என்றான்.

சேர்ந்தே போவது, சேர்ந்தே திரும்புவது என்று திருத்தணி மலைமேல் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். உடம்புச் சோதனை எனக்கு ஒரு நாள், அவனுக்கு மறுநாள். “எனக்கும் ஆயிடுச்சு பாவா,” என்று வந்து சொன்னான். நான் அரக்கோணத்தில் ஏறுவது, அவன் மணவூரில் ஏறிக்கொள்வது என்று ஏற்பாடு.

வண்டி மணவூரில் இரண்டு நிமிஷம் நின்றது. என் பக்கத்தில் துண்டு போட்டு அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஒரு கீரைக்காரியும் கொடி வைத்திருந்த போர்ட்டரும்தான் இருந்தார்கள். வண்டி நகர்ந்தது. கடம்பத்தூர் வரைக்கும் அந்தத் துண்டை நான் எடுக்கவில்லை.

பஸ்ராவில் ஐந்து வருஷம் லாரி ஓட்டினேன். அங்கேதான் இந்தக் கல்நார் வேலையைக் கற்றுக்கொண்டேன். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் லாரியின் தரைப்பலகை தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். புகைக் குழாய்க்கு நாடா சுற்றினால் கால் தப்பிக்கும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். சுற்றுவதற்கு முன் குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்க வேண்டும், ஓட்டை இருந்தால் அதில் கசிகிற புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒரு தடவை குளிருக்குப் படுதாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. அவர்களைக் கீழே இறக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் புகையில் செத்தவர்களுக்கு உள்ளபடி கன்னம் சிவந்து, நல்ல நிறமாக இருந்தார்கள்.

கோதண்டம் மாதாமாதம் கடிதம் எழுதினான். மழை, நெல், அவனுடைய கல்யாணம், வாங்கிய வாடகைக் கார் எல்லாம் எழுதினான். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சிறிய விபூதிப் பொட்டலம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கூடாரத்தில் எங்களுக்கு மொழிபெயர்ப்பு நாவல்கள் சில கிடைக்கும். பனி பெய்கிற ஊர்களின் கதைகள். அவற்றில் துரோகம் செய்தவன் ஒரு நாள் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டுவான், உட்காருவான், எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். கேட்டவன் விளக்கைத் தூண்டிவிட்டு, சரி, சாப்பிடு என்பான். நானும் அப்படித்தான் சொல்லுவேன் என்று நினைத்திருந்தேன். என்ன சாப்பாடு போடுவது என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

இந்த வருஷம் மாசியில் திரும்பி வந்தேன். மாலையோடு ரயிலடியில் நின்றான். “வந்துட்டியா பாவா,” என்று கட்டிக்கொண்டு அழுதான். அவ்வளவுதான். கொட்டகைக்குக் கீற்று வேய்ந்ததுகூட அவன்தான். நாலு தடவை ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சுகமாக வீட்டில் இருந்தவனுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். தினமும் வந்து டயர்மேல் உட்கார்ந்து பேசுவான். நான் காத்திருந்தேன். ஒரு நாள் நானே கேட்டேன்.

“அன்னிக்கு மணவூர்ல...”

“அத்த வுடு பாவா. நீதான் வந்துட்டியே,” என்றான்.

அத்த வுடு பாவா. மூன்று வார்த்தை. ஐந்து வருஷத்துக்கு மூன்று வார்த்தை. ஐயா அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆடி பிறந்ததும் அவன் வாய்க்கட்டுக் காவடி எடுக்கிறான் என்று தெரிந்தது. கிருத்திகை வரை விரதம், காலுக்குச் செருப்பு கிடையாது. காவடி எடுக்கிற நாளில் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டால் மலையில் இறக்கும் வரை ஒரு சொல் பேசக்கூடாது. மணவூரிலிருந்து அவன் நடந்துபோக அவனுடைய அம்மா தாயாரம்மாள் சம்மதிக்கவில்லை. மலையடிவாரம் வரை காரில் போய், அங்கிருந்து படி ஏறுவது என்று முடிவு.

“பாவா, பின் சீட்டுல காலை வெச்சா பலகை சுடுது. செருப்பில்லாத காலு. பட்டாளத்துல என்னமோ சுத்துவோம்னியே, அத்த சுத்திக் குடேன்,” என்றான். “அன்னிக்கு வண்டிய நீதான் ஓட்டணும். வேற யாரும் வேணாம்.”

“யாருக்கு நேந்துகின?” என்று கேட்டேன்.

சிரித்தான். “காவடிய எறக்கினப்புறம் மொதப் பேச்சு உன்கிட்டதான் பாவா. அதுவரைக்கும் கேக்காதே.”

குழாயைத் தடவிப் பார்த்தேன். பின் சீட்டுக்கு நேர் கீழே துருப்பிடித்து மெலிந்த இடம் ஒன்று இருந்தது. நான் ஓட்டை போடவில்லை என்று முதலில் சொல்ல நினைத்தேன். அழுத்தினால் போய்விடும் போலிருந்த இடம், போய்விட்டது. நான் அழுத்தியது உளியால். பிறகு நாடாவை ஊறவைத்துச் சுற்றினேன். அந்த இடத்தில் மட்டும் மேல்பக்கம் நெருக்கிச் சுற்றவில்லை. பலகையில் ஏற்கெனவே ஓர் இடுக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாதபடி, ஆனால் புகை ஏறும்படி, அதன்மேல் கோரைப்பாய் விரித்தேன். மற்றபடி வேலை சுத்தமாக இருந்தது. கோதண்டம் வந்து வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு, “ஜில்லுன்னு கீது பாவா,” என்றான். ரயிலடியில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, அடியில் குனிந்து பார்க்கச் சொன்னான்.

அன்றைக்குத் தூறல். தாயாரம்மாளும் அவன் மனைவி கமலாவும் காலை ரயிலில் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் அவன் ஒருவன்தான், மடியில் காவடி. காரின் பக்கப் படுதாக்களை இறக்கி நானே இழுத்துக் கட்டினேன். என் பக்கத்துப் படுதாவை மட்டும் சுருட்டிவிட்டேன். வழி முழுக்க நனைந்துகொண்டு, தலையை வெளியே சாய்த்துத்தான் ஓட்டினேன்.

அவனுக்கு நான் சந்தர்ப்பம் கொடுத்தேன். இதை ஐயா தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

திருவாலங்காட்டில் திரும்பிப் பார்த்து, “பாவா, அன்னிக்கு ஏன் வரல? சொல்லு. சொன்னா வண்டிய நிறுத்தறேன்,” என்றேன். மஞ்சள் துணிக்கு மேலே அவன் கண் சிரித்தது. கையை நீட்டி மலை இருக்கும் திசையைக் காட்டினான்.

கனகம்மாசத்திரத்தில் அவன் நெற்றியைக் காவடித் தண்டில் சாய்த்திருந்தான். “தலை சுத்துதா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு, படுதாவத் தூக்கிடறேன்,” என்றேன். மெதுவாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பிறகு என் சீட்டின் முதுகில் இரண்டு தட்டு தட்டினான். குழந்தையைத் தட்டுவதுபோல இருந்தது. எனக்குத் தைரியம் சொல்கிறான் என்று நினைத்தேன். ஏன் என்று புரியவில்லை.

மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மூன்றாம் தடவை கேட்டேன். இந்தத் தடவை தட்டவில்லை. நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மழையில் அந்த ரோடு வழுக்கும்.

அடிவாரத்தில் அரோகரா என்று கூட்டம் வந்து சூழ்ந்தது. படுதாவை அவிழ்த்தார்கள். காவடி மடியிலேயே இருந்தது. வாய்க்கட்டு அவிழவில்லை. கன்னம் சிவந்து, தூங்குகிறவன் மாதிரி இருந்தான். தாயாரம்மாள் அலறிக்கொண்டு விழுந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, “அழாதே தாயி. மொகத்துல பாரு, இன்னா களை. சாமியே வந்து கூட்டிக்கினு பூட்டாரு,” என்றாள்.

அதோடு முடிந்தது. உளி, நாடா, ஓட்டை ஒன்றும் இல்லாமல் போயிற்று. காருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் அது இன்னும் நிற்கிறது. வருகிறவர்கள் சக்கரத்தில் கற்பூரம் ஏற்றுகிறார்கள். பின் சீட்டில் குழந்தையைப் படுக்கவைத்து எடுக்கிறார்கள். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள், கடைசி யாத்திரைக்கு ஓட்டின புண்ணியவான் என்று. சத்தியத்தைக் காற்றில் விட்டவன் சாமியாகிவிட்டான். இதற்காகவா நான் அவ்வளவு செய்தேன். இங்கே வர வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆனால் கமலா வந்துபோன பிறகுதான் வந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் கொட்டகைக்கு வந்தாள். தோளில் அவனுடைய காவடி, கையில் பழுப்பேறிய ஒரு சீட்டு. பட்டாளத்து டாக்டர் எழுதிக் கொடுத்தது. இருதயம் பலவீனம், ஆள் தகுதியில்லை என்று இருந்தது. தேதி, அவன் உடம்புச் சோதனைக்குப் போன நாள்.

“வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அத்தை வாயை அடைச்சுட்டாங்க அண்ணா. உங்க கிட்ட சொல்ல அவருக்கு வெக்கம். அவருதான் உங்களை இழுத்து வுட்டாரு, அவரு போவலன்னா நீங்களும் போவாம நின்னுடுவீங்க, அப்புறம் பட்டாளத்துக்காரங்க உங்களைப் புடிச்சுக்கினு போவாங்களோன்னு பயம்,” என்றாள். “அன்னிக்கு டேசனுக்கு வந்துதான் இருந்தாரு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னுகினு நீங்க துண்டு போட்டு வெச்சிருந்ததைக்கூடப் பாத்திருக்காரு. வண்டி போனப்புறம் அங்கியே நேந்துகினாராம், நீங்க உசுரோட வந்தா வாயக் கட்டிக்கினு காவடி எடுக்கறேன்னு.”

சீட்டை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“பாதி வழியில நின்னுபோச்சு அண்ணா அந்தக் காவடி. நீங்கதான் ஏறி எறக்கணும்,” என்றாள். காவடியைக் கொட்டகைத் தூணில் சாய்த்துவிட்டுப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஐயா ஆளை அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

காரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாடாவைக் கத்தியால் கிழிக்க வேண்டாம். பின் முனையில் கம்பி முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்த்தால் ஒரே இழுப்பில் வரும். பின் சீட்டுக்கு நேர் கீழே பாருங்கள். அங்கே சாமி ஒன்றும் இல்லை, என் உளி பட்ட இடம்தான் இருக்கிறது. கொன்றது நான்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். மணவூர் ஸ்டேஷனில் அந்தத் தொட்டிக்கும் என் ஜன்னலுக்கும் இருபது அடிகூட இருக்காது. நேற்றுப் போய் அளந்து பார்த்தேன். அங்கேயே இருந்திருக்கிறான், ஐயா. இரண்டு நிமிஷமும் இருந்திருக்கிறான். பாவா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அன்றைக்கும் நான் கேட்கத் தயாராக இருந்தேன், காரிலும் தயாராக இருந்தேன். கடைசி வரைக்கும் வாயைத் திறக்காதவன் அவன்தான்.