பெட்டி எண் இல்லாத கிழங்கு

தலைமை தாங்கும் டான் நெப்தலி அவர்களே, அருட்தந்தை அன்செல்மோ அவர்களே, தாயை அடக்கம் செய்ய ஆர்லாண்டோவிலிருந்து வந்து, திரும்பும் விமானத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இவெலிஸ் அவர்களே, சிறுவயதில் இந்தப் பள்ளி உணவுக்கூடத்தில் உண்டு, இன்று அதே சின்ன மேசைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் குவாமா ஆல்டோ மக்களே, வணக்கம்.

ஒன்பது நாள் செபமாலை நேற்றோடு முடிந்தது. அங்கே நான் பேசவில்லை. செபம் செய்யும் இடத்தில் கோபப்படக் கூடாது என்று நினைத்தேன். இன்று கோபப்படலாம் என்று டான் நெப்தலி அனுமதி கொடுத்திருக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பிப்பவள். மேடைப் பேச்சில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. தாளைப் பார்த்துப் படிப்பதற்கு மன்னியுங்கள்.

நாம் எல்லோரும் மரியாதையாக டோன்யா என்று அழைத்த புரோவி, முழுப் பெயரில் புரோவிடென்சியா கரபாயோ, எழுபத்து நான்கு வயது. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. ஏன்? கீழே ஆற்றுப்பாலம் மரியா புயலில் போனது. ஏழு வருடம் ஆகிறது! ஏழு வருடத்தில் ஒரு பாலம் எழாதா? எழாது. அதைக் கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் யாரும் அந்த ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் இல்லை என்றால், எழவே எழாது.

முப்பத்தோரு ஆண்டுகள் இந்தப் பள்ளியின் சமையற்கூடத்தை நடத்தியவர் அவர். அந்த முப்பத்தோரு ஆண்டுகளில் இருபது ஆண்டுகள் அவர் ஒரு குற்றம் செய்தார். அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். இங்கே பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேர் அதைத் தின்று வளர்ந்தவர்கள்.

பள்ளிச் சாப்பாட்டுக்கு என்ன வரும்? கடல் கடந்து பெட்டி வரும். பெட்டிக்குள் பீச் பழ டின், சோள டின், பிறகு அந்த உருளைக்கிழங்குத் தூள். வெந்நீர் ஊற்றினால் கஞ்சியாகும். ஆறினால் சுவருக்குப் பூசலாம். பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் டான் நெப்தலியின் நிலம். அதில் வள்ளிக்கிழங்கு, சேம்பு, வாழை. வேலியைத் தாண்டினால் கிழங்கு. ஆனால் வேலியைத் தாண்டிய கிழங்கு பள்ளிக்குள் வரக் கூடாது. விதி! உணவுப் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டி எண் எழுத வேண்டும். பெட்டி எண் இல்லாதது உணவே இல்லை.

ஒரு நாள் ஆய்வாளர் வந்து பானையைத் திறந்தாராம். டோன்யா புரோவி எனக்கு இதை இரண்டு குரலிலும் நடித்தே காட்டியிருக்கிறார்.

"இது என்ன?"

"கிழங்கு."

"எந்தப் பெட்டியில வந்துச்சு?"

"மண்ணுல வந்துச்சு."

"டோன்யா, வெளையாடாதீங்க. எண் இருக்கா, இல்லையா?"

"கெழங்குக்கு எண்ணா? இன்னைக்குக் கெழங்குக்குக் கேப்பீங்க, நாளைக்கு மழைக்குக் கேப்பீங்களா ஐயா?"

அன்றைய பானை முழுவதையும் அவர் கண்ணெதிரே கொட்ட வைத்தார்கள். இருநூறு பிள்ளைகளுக்கு அன்று மதியம் பிஸ்கட். டான் நெப்தலி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று சாயங்காலம் அவர் உங்கள் வேலியோரம் வந்து நின்று கேட்டது என்ன?

"நெப்தலி, ஒன் பன்னி தூள் திங்குமா?"

"கொடுத்துப் பாப்போம் புரோவி. எதுவும் திங்கிற ஜென்மம்தான்."

அவ்வளவுதான் ஒப்பந்தம். தூள் பன்றிக்குப் போனது. காலிப் பெட்டிக்குள் கிழங்கு வந்தது. பதிவேட்டில் அந்தப் பெட்டியின் எண்ணையே எழுதினார், மாதாமாதம், முத்து முத்தான கையெழுத்தில். பன்றிகள் முதல் இரண்டு நாள் யோசித்ததாக டான் நெப்தலி சொல்கிறார். பிள்ளைகள் யோசிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆய்வாளர் வந்து ஒரு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தீங்களா, ஒழுங்காக் கிளறுனா பெட்டி உருளைக்கெழங்கும் எவ்ளோ நல்லா இருக்கு!" என்றாராம். டோன்யா புரோவி, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கண்ணுக்கெதிரே விளைந்த கிழங்கை, அதை விளைவித்தவனின் பேரப்பிள்ளைக்கு ஊட்ட, ஒரு பெண் கள்ளக்கடத்தல் செய்ய வேண்டியிருந்தது! எந்த நாட்டில் நடக்கும் இது? நாட்டில் நடக்காது. நம்மைப் போல இன்னொருவருக்குச் சொந்தமான இடத்தில்தான் நடக்கும்.

ஸ்பெயின் நானூறு வருடம் நம் புவேர்ட்டோ ரிக்கோவைத் தன் தோட்டமாக வைத்திருந்தது. 1898-ல் கொடி மாறியது, அமெரிக்கக் கொடி ஏறியது. தோட்டம் தோட்டமாகவே இருந்தது. இந்த மலையின் காப்பிக்கு ஐரோப்பாவில் இருந்த சந்தை போயிற்று. சமவெளி முழுதும் கரும்பாயிற்று. பிறகு வரிச் சலுகைக்காக ஆலைகள் வந்தன. சலுகை முடிந்ததும் ஆலைகள் போயின. அவர்கள் துறைமுகத்திலிருந்து நம் துறைமுகத்துக்குச் சரக்கு வந்தால், அவர்கள் கட்டி அவர்கள் கொடி பறக்கும் கப்பலில்தான் வர வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முந்தைய சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சட்டத்தை இயற்றும் மன்றத்தில் நமக்கு ஓர் ஓட்டு உண்டா? இன்றுவரை இல்லை! விதைத்தால் முளைக்கும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, தட்டில் பெரும்பங்கைக் கடல் கடந்து வரவழைக்கிறோம். இதைச் சோம்பல் என்று எழுதியவர்கள் உண்டு. டோன்யா புரோவியின் பதிவேட்டை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்தவள் ஒருத்தி உண்டு. அது நான்.

2016-ல், எந்தப் பள்ளிகளை மூடலாம் என்று பரிந்துரைக்க அமைக்கப்பட்ட ஒரு குழுவுக்கு நான் அறிக்கை எழுதினேன். இந்த மலைக்கு நான் வரவில்லை. தாள்கள் என்னிடம் வந்தன. இந்தப் பள்ளியின் இருபது வருடப் பதிவேட்டைப் படித்தேன். பெட்டி, பெட்டி, பெட்டி. ஒரு கிழங்குகூட இல்லை. ஆகவே எழுதினேன்: "இவ்வட்டாரத்தில் குறிப்பிடத்தக்க உணவு உற்பத்தி இல்லை. பள்ளிச் சமையற்கூடத்துக்கும் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை." மிகவும் சுத்தமான வாக்கியங்கள். அடுத்த மே மாதம் பள்ளி மூடப்பட்டது. செப்டம்பரில் புயல் வந்தது.

புயலுக்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாழை படுத்துவிட்டது. கூரைகள் பறந்தன. சரக்குப் பெட்டிகள் சான் ஹுவான் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் நின்றன. ஒன்றும் மேலே வரவில்லை. மண்ணுக்குள் இருந்த கிழங்கு மட்டும் தப்பியது. மூன்றாம் நாள் டோன்யா புரோவி கடப்பாரையோடு வந்து இந்தச் சமையற்கூடத்தின் பூட்டை உடைத்தார். அரசாங்கப் பூட்டு! நான்கு மாதம் சும்மா கிடந்த அடுப்பை மூட்டினார். ஒரு நாளைக்கு முந்நூறு பேர். கிழங்கும், இருந்தபோது கருவாடும். அன்று மூட்டிய அடுப்பில்தான் இன்றைக்கும் இந்த ஊர் முதியவர்களுக்குச் சமையல் நடக்கிறது.

ஆறாவது வாரம் நான் சேதக் கணக்கெடுப்புக்காக மாணவர்களோடு வந்தேன். தட்டில் இருந்ததைப் பார்த்து, "இந்தக் கிழங்கு எந்த நிவாரணத்துல வந்தது?" என்று கேட்டேன்.

அவர் என் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் படித்தார். பெயரைப் படித்ததும் முகம் மாறியது.

"அட, நீங்கதானா அந்த டாக்டரம்மா? இந்தக் கெழங்கு எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கு. நீங்க எழுதுனதுலதான் இல்ல."

"பதிவேட்டுல இல்லையே, டோன்யா. அதுல இருந்ததத்தான் எழுதினேன்."

"பதிவேடா?" என்று உரக்கச் சிரித்தார். "அத எழுதினதே நான்தான கண்ணு!" என்று பெட்டிக் கதையை, பன்றி உட்பட, முழுதும் சொன்னார். மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சொல்லி முடித்த இடத்தில் அவருடைய சிரிப்பு நின்றது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ... நான் எழுதுனத வச்சுத்தான் மூடுனீங்களா? என் பள்ளிக்கூடத்த நானேதான் மூடிட்டனா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்லை டோன்யா, உங்களைப் பொய் எழுத வைத்த விதி மூடியது; வந்து பார்க்காமல் எழுதிய நான் மூடினேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். "காரணங்கள் பல இருக்கும்" என்றேன். பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ளும் பதில் அது. பிறகு பலமுறை வந்தேன், வெங்காயம் அரிந்தேன், நண்பர்களானோம். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. அறிக்கை தவறு என்று நானும் எங்கும் எழுதவில்லை. என் பெயருக்கு இழுக்கு வரும் என்று பயந்தேன். இவெலிஸ், உங்கள் அம்மா ஏழு வருடம் அந்தப் பழியைச் சுமந்தார். அது அவருடையது இல்லை. உங்கள் முன்னாலும் இந்த ஊரின் முன்னாலும் இதைச் சொல்கிறேன்.

இப்போது இந்தக் கட்டடத்தைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். இந்த முறை வரிச் சலுகை ஆலைக்கு இல்லை, ஆளுக்கு. வெளியிலிருந்து பணத்தோடு வந்து இங்கே குடியேறினால் போதும். மலைக்காற்று விடுதி நடத்தப் போகிறாராம். நல்ல மனிதர், பணிவானவர். போன மாதம் டோன்யா புரோவியைப் பார்த்து, "நீங்களே இங்க சமையல் பாருங்க. விருந்தாளிகளுக்கு உள்ளூர்ச் சாப்பாடு போடலாம். கெழங்கு!" என்றார்.

"பெட்டி எண் வேண்டாமா?" என்று டோன்யா கேட்டார். வந்தவருக்குப் புரியவில்லை. "ஏன்யா, எங்க புள்ளைங்களுக்குத் திருட்டுத்தனமாப் போட்டத, நீங்க தேங்காப்பால் ஊத்தி விக்கப் போறீங்களா? அடுப்ப விட்டுத் தள்ளி நில்லுங்க, சட்டை கரியாயிடும்."

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சான் ஹுவானில், மூடிய பள்ளிகளை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யும் குழுவின் விசாரணை. இந்தச் சமையற்கூடத்தை ஊருக்கே விடுங்கள், இங்கே விளைவதை வாங்கி இங்கே சமைக்கிறோம் என்று நாம் கேட்டிருக்கிறோம். இங்கே ஏதாவது விளைந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கோப்பில் இருக்கும் ஒரே ஆதாரம் என் அறிக்கை. அதில் எதுவும் விளையவில்லை! அதை மறுத்துச் சொல்ல, "பதிவேட்டில் நான் எழுதியது பொய், பானையில் இருந்தது கிழங்கு" என்று தன் வாயால் ஒப்புக்கொள்ள, ஓய்வூதியம் போனாலும் போகட்டும் என்று தயாராக இருந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் புதைத்திருக்கிறோம்.

அவர் போய்விட்டார் என்று வழக்கும் போய்விட வேண்டுமா? இருபது வருடம் ஒரு ஊரே தின்றது, ஒருவர் சாவோடு நடக்காததாகிவிடுமா?

வியாழக்கிழமை நான் போகிறேன். என் பெயரைச் சொல்வேன். என் பட்டத்தைச் சொல்வேன். என் அறிக்கையின் அந்த இரண்டு வாக்கியங்களையும் நானே வாசித்து, இரண்டும் தவறு, எப்படித் தவறாயின என்று பதிவில் ஏற்றுவேன். அதன் பிறகு என்னை யாரும் எதற்கும் அறிக்கை எழுதக் கூப்பிடாமல் போகலாம். கூப்பிட்டபோது மட்டும் என்ன கிழித்தேன்?

ஆனால் நான் அந்தக் கிழங்கைப் பள்ளிப் பந்தியில் உண்டவள் இல்லை. நீங்கள் உண்டவர்கள். தாள்தான் ஆதாரம் என்பார்கள். மனிதரின் வாய்ச்சொல்லும் ஆதாரம்தான் என்று சட்டம் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பேருந்து காலை ஐந்து மணிக்குத் தேவாலயத்தின் முன்னாலிருந்து புறப்படும். பாலம் இல்லாததால் சுற்றிப் போக வேண்டும். ஒவ்வொருவரும் எழுந்து, எந்த வகுப்பில் படித்தீர்கள், மதியம் என்ன தின்றீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிப்பட்ட கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிட மௌனம் கேட்பது மரபு. அருட்தந்தை மன்னிக்க வேண்டும், நான் கேட்கப் போவதில்லை. இந்த ஊரைப் பற்றி ஏற்கனவே போதுமான அளவு மௌனம் சாதித்தாயிற்று. அதில் ஏழு வருடம் என்னுடையது. டோன்யா புரோவிக்காக வியாழக்கிழமை பேசுவோம்.