வெள்ளைக்கார மருமகனின் பகுதி

“வெள்ளைக்காரன் எண்டாப்போல குலம் பகுதி விசாரிக்காமல் பொம்பிளை குடுக்கேலுமோ?”

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அக்கா, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டார். இறங்கும் இடம் தவறிவிடுமோ என்று பயந்துகொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அவையளின்ர பகுதியை எங்கயக்கா போய் விசாரிக்கிறது?”

“பெடியனையே தேடச் சொன்னனான். அதுவரைக்கும் மகளுக்கு நான் ஓம் சொல்லேல்லை. பழைய சேர்ச் பதிவு, கப்பல் பதிவெல்லாம் கொம்பியூட்டரில கிடக்குதாம். அமெரிக்காவை இங்கிலாந்து ஆண்ட காலத்தில, ஒரே ஊரில இருந்து கப்பலேறின ரெண்டு குடும்பம்தான் அவன்ர மூதாதையராம்.”

“பிறகு?”

“போன கிழமை முகம் செத்துப்போய் வந்து நிண்டான். முப்பாட்டன் ஒருத்தர் கசினைக் கட்டியிருக்கிறார், கோவிக்காதேங்கோ அன்ரி எண்டு இங்கிலீசில இழுத்தான். எந்தக் கசின் எண்டு கேட்டன். சித்தப்பன்ர மகளெண்டா கதை முடிஞ்சுது. பதிவைத் திரும்பப் பாத்துப்போட்டு, தாயின்ர தமையன்ர மகள் எண்டான்.”

“எட, மச்சாள்!”

“முறை தெரிஞ்ச ஆக்கள் எண்டு இருத்திச் சோறு போட்டனான்.”

“அப்ப கலியாணம்?”

“மண்டபம் பாக்கச் சொல்லிட்டன். ஏன் ஓமெண்டனான் எண்டு பெடியனுக்குத்தான் இன்னும் விளங்கேல்லை.”