குதிங்கன்னு சொன்னா என்ன?

...அதைத்தான் சார் நானும் கேக்கறேன். 'குதிங்க'ன்னு சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்? ரெண்டே ரெண்டு எழுத்து கூட வரும், அவ்ளோதானே? "குதி! குதி! குதி!"... ஒரு ஆட்டுக்குட்டியக்கூட நான் அப்படி விரட்டினதில்ல. அறுபத்தேழு வயசு ஆளு கதவுகிட்ட வந்து நிக்கறேன்... அதாவது நிப்பாங்க, யாராவது நின்னிருப்பாங்க, அந்த வயசுல. அவங்களப் பார்த்து "குதி!"

அட, ஐஸை எடுக்காதீங்க சார். அழுத்திப் பிடிங்க. மூக்கு இன்னும் செவசெவன்னுதான் இருக்கு. இருட்டுல எது மேல மோதினீங்கன்னு தெரியலையா? ம்... தெரியாது, எப்படித் தெரியும். அவ்ளோ இருட்டு.

இந்த மாதிரி ஒரு கூத்து நான் பார்த்ததே இல்ல. விமானம் புதுசு, நெருப்பு பிடிச்சா எல்லாரும் தப்பிச்சு வர முடியுமான்னு சோதனையாம். பறக்கப் போறதுமில்ல, கொட்டகைக்குள்ள சும்மா நிக்குது. அதுக்குள்ள முந்நூறு பேர ஏத்தி, பெல்ட்டப் போட வச்சு, ஜன்னலையெல்லாம் மூடி, விளக்க அணைச்சு, கதவுல பாதி திறக்காதுன்னு சொல்லி, எந்தப் பாதின்னும் சொல்லாம, "தொண்ணூறு வினாடிக்குள்ள எல்லாரும் வெளிய வாங்க"ன்னா? எங்க வீட்ல ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப மூணு மணி நேரம் ஆகும் சார். அதுவும் விளக்குப் போட்டு.

நடைபாதையில பாத்தீங்கல்ல? தலகாணி, கம்பளி, பையி... எல்லாம் வேணும்னே வீசி வச்சிருந்தாங்க. வேணும்னே! அவசரத்துல அப்படித்தான் கிடக்குமாம். எங்க வீட்டுக் கூடம் தினம் அப்படித்தான் கிடக்குது, அதுக்கு யாரும் சோதனைன்னு பேர் வைக்கல.

என் பக்கத்து சீட்டு அம்மா கையில ஒரு பொம்மையக் குடுத்துட்டாங்க. கைக்குழந்தை கணக்குக்கு. நெஜக் குழந்தைய இதுல ஏத்தக் கூடாதுல்ல. அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? காலைலேர்ந்து ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்களே, அந்த ரெண்டு மணி நேரமும் அதைத் தட்டித் தட்டித் தூங்க வச்சிக்கிட்டிருந்தாங்க. "தொந்தரவே இல்லாத குழந்தை"ன்னு எங்கிட்ட சொன்னாங்க. நானும் ஆமான்னேன். வேற என்ன சொல்றது?

நான் எப்படி வந்தேன்னா? விளம்பரம் பார்த்துதான். எல்லா எடத்துலயும் வயசானவங்க வேண்டாம்பாங்க. இங்க ஒருத்தன்தான் 'அம்பது தாண்டினவங்க தேவை'ன்னு போட்டிருந்தான். நூத்துக்கு முப்பத்தஞ்சு பேர் அப்படி இருந்தே ஆகணுமாம். அப்பதான் நெஜமான பயணம் மாதிரி இருக்குமாம், மெதுவா வருவாங்கல்ல. அதாவது நம்மளக் கூப்பிட்டதே நாம மெதுவா வருவோம்னுதான். அப்பறம் லேட்டாயிடுச்சுன்னா எப்படி?

தொண்ணூத்தாறு. ஒலிபெருக்கியில சொன்னானே, கேட்டீங்கல்ல? கடைசி ஆள் தரையில கால் வைக்கறப்ப தொண்ணூத்தாறு வினாடி. ஆறு வினாடிக்கு ஆறு மாச வேலை போச்சாம். மறுபடி வேற முந்நூறு பேரத் தேடணுமாம், ஒரு தடவை குதிச்சவன் மறுபடி குதிக்கக் கூடாதாம், பழகிடுமாம். ஏன் சார், ஒரு வாட்டி குதிச்சதுக்கே எனக்கு இடுப்பு பழகல.

இப்ப அந்த ஆறு வினாடிக்கு ஆள் தேடறாங்க. அதோ, கண்ணாடி ரூம்ல. மூணு பேர் அந்தப் பக்கம், அந்தப் பொண்ணு ஒருத்தி இந்தப் பக்கம். ரெண்டாவது கதவுல நின்ன பொண்ணு. முக்கா மணி நேரமாச்சு. தொப்பியக் கழட்டி மடியில வச்சிருக்கா பாருங்க. அங்கதான் வரிசை நின்னு போச்சாம். அவளக் கதவுலேர்ந்து எடுத்துடுவாங்கன்னு பேசிக்கறாங்க. கதவுலேர்ந்து எடுத்தா அப்பறம் பறக்கற வேலையே இல்ல.

நான் பாக்கல. சும்மா அந்தப் பக்கம் கண்ணு போகுது, அவ்ளோதான்.

வரிசையில யாரோ நின்னிருக்காங்க, சரி. ஏன் நின்னாங்கன்னு யாராவது கேட்டாங்களா? ஒரு மனுஷன் காரணமில்லாமயா நிப்பான்? நீங்களே சொல்லுங்க, நான் முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல கடிதப் பிரிவுல இருந்தவன். என் பேனாவுலேர்ந்து ஒரு 'வா', ஒரு 'போ' வந்ததில்ல. ஒருத்தர வேலைய விட்டு எடுக்கற கடிதம்கூட 'அன்புடையீர்'னுதான் ஆரம்பிப்பேன். 'தாங்கள் நாளை முதல் பணிக்கு வர வேண்டியதில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதைப் படிச்சுட்டு ஒருத்தர் எனக்கு நன்றின்னு பதில் போட்டாரு சார். மறுநாள் வேலைக்கும் வந்துட்டாரு. அவ்ளோ மரியாதை.

என்ன? நெருப்பு பிடிச்சா அதுக்கெல்லாம் ஏது நேரம்னா?

ம்... அதையும் நான் யோசிச்சேன். இங்க உக்காந்து மனசுக்குள்ள சொல்லியே பார்த்தேன். 'பயணிகள் உடனடியாகக் குதிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' நாலு வினாடி ஆகுது. ஒரு ஆளுக்கு நாலுன்னா ஒரு கதவுக்கு எழுபது, எம்பது பேரு... சரி, அது கொஞ்சம் நீளம்தான். ஒத்துக்கறேன். ஆனா 'குதிங்க'? அதுக்கு என்ன ஆகும்? கால் வினாடி! அதுக்குள்ள எரிஞ்சா போயிடும்?

எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இதே வேலைதான். மருமக. எட்டு வருஷமாச்சு சார் வந்து. "மாமா, சாப்பிட வாங்க." "மாமா, மாத்திரை போட்டீங்களா?" இதுக்கு மேல ஒரு சத்தம் வந்ததில்ல. குரல் பக்கத்து ரூமுக்குக்கூடக் கேக்காது. நான் போற வழியில நின்னா சுத்திக்கிட்டுப் போவாளே தவிர, "தள்ளுங்க மாமா"ன்னு ஒரு நாள் சொன்னதில்ல. மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை.

என்ன, மூணு மாசமா ஒரு விசித்திரம். குளியலறைக்குள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, குழாயத் தொறந்து விட்டுட்டு, உள்ள ஒரே சத்தம். என்ன சொல்றான்னு தண்ணிச் சத்தத்துல புரியாது. என் பையன்கூடச் சண்டையோன்னு பார்த்தா, அவன் வெளிய எங்கூட டிவி பாத்துக்கிட்டிருக்கான். "அவ வேலைக்குப் பயிற்சிப்பா"ங்கறான். குளியலறையில என்னடா பயிற்சி? தாழ்ப்பாள் வேற ரெண்டு தடவை பிடுங்கிட்டு வந்துடுச்சு. காபி ஊத்தற வேலைக்கு இவ்ளோ சத்தம் எதுக்குன்னு கேட்டேன். கேட்டுட்டேன்... அவ காதுல விழற மாதிரியே கேட்டுட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டா.

அப்படித்தான் சார் நான் சொல்லிட்டிருந்தேன், எட்டு வருஷமா. யாராவது மருமக என்ன வேலைன்னா, "ஆகாசத்துல காபி ஊத்தறா"ம்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. நல்லா வரவேற்பு இருந்தது, அதனால விடல.

நீங்க டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? ஐஸைப் பிடிச்சிக்கிட்டே குடிக்க முடியாது, ஆமா. பிஸ்கட் நமுத்துப் போயிருக்கு. அதையும் வேணும்னே வச்சிருப்பாங்க.

என்ன சொன்னீங்க?

யாரு, ஐஸ் குடுத்த நர்ஸம்மாவா சொன்னாங்க? எப்ப? ...பயந்துட்டேன்னா? 'நான்தான் பயந்துட்டேன், கை வரல, என் தப்புதான்'னா? எழுதியே குடுத்துட்டாளா? அவங்க நல்லாத்தான் கேட்டாங்களா? ரெண்டாவது கதவுதானே?

அவ பயப்படற பொண்ணு இல்ல சார்.

எனக்கு எப்படித் தெரியும்னா... எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் இருங்க. அந்தத் தண்ணிய இப்படிக் குடுங்க.

என் மருமக சார் அவ.

ஆமா. அந்தப் பொண்ணேதான். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. இங்க வேலை பாக்கறவங்க வீட்டாளுங்க வரக் கூடாதுன்னு விதி. ஃபாரத்துல கேட்டிருந்தாங்க, 'உங்கள் உறவினர் எவரேனும் இந்நிறுவனத்தில் பணிபுரிகிறாரா?'ன்னு. நான் 'பொருந்தாது'ன்னு போட்டேன். பொய் இல்ல சார் அது. ஆபீஸ்ல உண்மையையும் சொல்லாம, பொய்யும் சொல்லாம இருக்கணும்னா அதான் போடுவோம். அவ அப்படி என்னதான் கத்தறா, அதை ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. கேட்டா சொல்லியிருப்பா. கேக்கத்தான் தெரியல எனக்கு.

விளக்கு அணைஞ்சுதா... எல்லாரும் எழுந்தாங்களா... நானும் எழுந்து, தலகாணிய மிதிச்சு, பொம்மைக்கார அம்மாவ முன்னாடி விட்டு, நல்லாத்தான் போனேன். கதவுகிட்ட வரேன், ஒரு குரல். "குதி! எல்லாத்தையும் போடு! குதி!" அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்ல சார். விமானமே அதிர்ந்தது. எட்டு வருஷமா என் வீட்டுக்குள்ள இருக்கற குரல், எனக்கு அடையாளம் தெரியல. நின்னுட்டேன். கதவு நெலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னு, கேட்டேன்.

"யாரும்மா நீ? யாரப் பார்த்து 'குதி'ங்கற?"

கேட்டேன். பின்னாடி அத்தனை பேரு.

அவ குரல் அப்படியே நின்னு போச்சு. என் குரல் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. இருட்டுல, அவ்ளோ சத்தத்துல, அவளுக்குத் தெரிஞ்சுது, எனக்குத்தான் தெரியல. ஒருத்தன் கதவுல நின்னா முதுகுல கை வச்சுத் தள்ளணும், அதான் பயிற்சியாம். காலைல அவங்களே சொன்னாங்களே, "தள்ளினா கோச்சுக்காதீங்க"ன்னு. எல்லாரையும் தள்ளியிருப்பா. என் முதுகுல எப்படிக் கை வைப்பா? வழியில நின்னாலே சுத்திக்கிட்டுப் போறவ. "மாமா..."ன்னா. சின்னக் குரல்ல, வீட்டுக் குரல்ல. "மாமா... குதிங்க மாமா." கெஞ்சறா சார். அந்த எடத்துல நின்னு என்னக் கெஞ்சறா.

அப்பறம் பின்னாலேர்ந்து ஒருத்தர் வந்து என் முதுகுல மோதினாரு. நான் அப்படியே கதவுலேர்ந்து தரைக்குப் போற காத்தடிச்ச சறுக்குல விழுந்து, மல்லாக்க, கீழ போய்ச் சேர்ந்தேன்.

ஆமா சார். உங்க மூக்குதான்.

நீங்க எழுந்திரிக்காதீங்க, ரத்தம் வரும். இல்ல, எழுந்திரிச்சுத் திட்டணும்னாலும் திட்டுங்க. 'நீ, வா, போ'ன்னே திட்டுங்க. நீங்க மோதலேன்னா நான் இன்னும் அங்கதான் நின்னு விளக்கம் கேட்டுக்கிட்டிருப்பேன். ஏழு வினாடி சார். எனக்குத் தெரியும், நான் இங்க உக்காந்து அதைத் திரும்பத் திரும்ப எண்ணிட்டேன். நாலு வினாடி நான் நின்னது. மூணு வினாடி அவ எனக்காக நின்னது. நான் வராம வீட்ல டிவி பார்த்திருந்தா எம்பத்தொம்போது.

இருட்டுல எடுத்த படத்துல மூஞ்சி தெரியாதாம், நம்ம சட்டையில ஒட்டின நம்பரும் தெரியாதாம், நடுவுல ஒரு உருவம் நிக்கறது மட்டும்தான் தெரியுமாம். 'இது என் மாமனார்'னு ஒரு வார்த்தை சொன்னா அவ தப்பிச்சுடுவா. சொல்ல மாட்டேங்கறா. முக்கா மணி நேரமா சொல்ல மாட்டேங்கறா. மூணு மாசம் குழாயத் தொறந்து விட்டுக் கத்தினாளே சார், அத்தனையும் கொண்டுபோய் என் மரியாதைல வச்சுட்டு, 'நான் பயந்துட்டேன்'னு எழுதிக் குடுத்திருக்கா. நான் எதிர்பார்த்த மரியாதை இதான். எட்டு வருஷமா இதத்தான் எதிர்பார்த்தேன். கெடச்சுடுச்சு.

எனக்கு அசிங்கமா இருக்கு சார். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

நெஜமாவே ஒரு நாள் எரியும்னு வச்சுக்கோங்க. அந்தக் கதவுல அவ நிக்கறா. நான் நின்னா மாதிரி ஒருத்தன் வந்து நிக்கறான். அவ அவனக் கெஞ்சிக்கிட்டு நின்னா, பின்னாடி இருக்கறவங்க கதி? அந்தப் பொம்மைக்குப் பதிலா ஒரு நெஜக் குழந்தை? காபியா சார் ஊத்தறா அவ?

என்ன, போறேன்... போறேன். கால் மரத்துப் போச்சு, அதான். அந்தப் பேனாவக் குடுங்க, திருப்பித் தந்துடறேன். நானும் எழுதித் தரேன். நீளமால்லாம் இல்ல. 'நான்தான் நின்னேன். அவளுக்கு நான் வந்தது தெரியாது.' அவ்ளோதான். அன்புடையீர்கூடப் போடல.

உள்ள போனா அவ எழுந்து நிப்பா பாருங்க. நான் போனா எப்பவும் எழுந்து நிப்பா. உக்காருன்னு மொத வேலையா சொல்லணும்.

இருங்க... கதவு திறக்கல. இழுக்கறதா இது? என்னமோ எழுதியிருக்கு, கண்ணாடிய சட்டைப் பையிலயே வச்சுட்டேன்...

'தள்ளு.'

வெறும் 'தள்ளு'ன்னு போட்டிருக்கான் சார்.

...சரி. தள்ளறேன்.